மூன்று மணித் தலைவலி: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் ஏசியும் அதன் மீது விழுந்த பழியும்

ஏப்ரல் முதல் வாரம். தி.நகர் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன். "சார், எங்க ஏசியில கேஸ் லீக் ஆகுதுன்னு நினைக்கிறோம். ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தலைவலி. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

ஏசி தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். 'கேஸ்' என்ற ஒரு சொல்லை வைத்து எங்கள் தொழிலில் நடக்கும் வியாபாரம் தனிக் கதை. குளிரவில்லையா, கேஸ் போடு. தண்ணீர் சொட்டுகிறதா, கேஸ் போடு. இப்போது தலைவலிக்கும் கேஸ். எனக்கு முன்பே இரண்டு பேர் அங்கே வந்து போயிருந்தார்கள். ஒருவர் வெட் சர்வீஸ், அதாவது தண்ணீர் அடித்துக் கழுவும் வேலை, செய்தார். இன்னொருவர் கேஸ் 'டாப் அப்' செய்து காசு வாங்கிக்கொண்டு போனார். தலைவலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது மாடி. முப்பது அடிக்கு இருபது அடி, தெர்மாகோல் மாதிரி வெள்ளைப் பலகை போட்ட பொய்க்கூரை ஒன்பது அடி உயரத்தில். பதினான்கு பேர். எதிரெதிர் சுவர்களில் இரண்டு டன் ஸ்பிளிட் ஏசி இரண்டு. அக்டோபரில்தான் குடி வந்திருந்தார்கள். அதற்கு முன் இருந்தது பழைய வீடு ஒன்றின் முன்கூடம். சட்டத்தில் இடைவெளி விட்ட மரக் கதவு, ஆடும் ஜன்னல், ஜன்னல் ஏசி. இங்கே எல்லாம் புதுசு. ரோட்டுத் தூசியும் ஹாரன் சத்தமும் வரக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளின் விளிம்பு முழுக்கச் சிலிக்கான் அடித்திருந்தார்கள். வாசல் கதவுக்கு அடியில் கூட ரப்பர் பட்டை. குளிர் ஒரு சொட்டு வெளியே போகாது என்று உரிமையாளர் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான், வெளியே போகவில்லை. உள்ளேயும் எதுவும் வரவில்லை என்பதை அப்போது நானும் யோசிக்கவில்லை.

முதலில் கேஸ் விஷயத்தை முடித்துவிடலாம் என்று பிரஷர் பார்த்தேன். இரண்டு மெஷினிலும் சரியாக இருந்தது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. மூடிய வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கசிந்தால் முதலில் குளிர்ச்சி குறையும், குழாயில் பனிக்கட்டி கட்டும். நன்றாகக் குளிருகிற மெஷினில் மாதக்கணக்காகக் கேஸ் கசிகிறது என்பது கதை.

அடுத்தது ஜெனரேட்டர். இதை மட்டும் நான் எந்த இடத்திலும் விட்டுவைப்பதில்லை. ஒரே கட்டடத்தில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது என்றால் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகம் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை, தலைவலியும் குமட்டலும்தான் அதன் முதல் அறிகுறி. கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டு மேலே கார்பன் மோனாக்சைடு மீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். நிம்மதி.

நோட்டுப் புத்தகம்

தலைவலி என்று பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னால் அது ஒன்றும் புரியாத ஒரு இரைச்சல். ஒருவருக்கு நெற்றியில், ஒருவருக்குப் பிடரியில், ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும். "ஏசி காத்து ஒத்துக்கல சார், தலையில நீர் கோத்துக்குது" என்றார் ஒரு பெண். அவர் மேசையில் தைலப் புட்டி நிரந்தரமாக இருந்தது. மெஷினைக் கழற்றுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எங்கே வலி, டீ காபி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, அலுவலகத்தை விட்டு வெளியே போனபின் என்ன ஆனது. கடைசிக் கேள்விதான் முக்கியம். இரண்டு வாரம் எழுதச் சொன்னேன்.

உரிமையாளர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. ஏசி மெக்கானிக் வந்து டாக்டர் வேலை பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்.

இரண்டு வாரம் கழித்துத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு அறைக்குள் மூன்று வெவ்வேறு தலைவலிகள் இருப்பது தெரிந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் தலைவலி என்று எழுதியிருந்தார்கள். அதில் ஏழு பேருக்கு ஒரே கதை: காலையில் ஒன்றுமில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி வாக்கில் தலை பாரம், கொட்டாவி, கண் எரிச்சல், ஆறரைக்குக் கீழே இறங்கி பஸ் ஸ்டாப் போவதற்குள் பாதி குறைந்துவிடும். எட்டாவது ஆள் ஓர் இளைஞர், அவருக்குக் காலை பதினொன்றுக்கே கழுத்தில் தொடங்கிப் பின்மண்டைக்கு ஏறும், இரவு வரை இருக்கும். ஒன்பதாவது, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த கணக்காளர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது.

தாள்களில் இன்னொரு விஷயமும் இருந்தது. சனிக்கிழமை ஐந்து பேர்தான் வருவார்கள். அதே ஏசி, அதே அறை, ரிமோட்டில் அதே 18 டிகிரி. சனிக்கிழமை அந்த ஏழு பேரில் வேலைக்கு வந்த ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை.

ஆள் குறைந்தால் வலி இல்லை என்றால் குற்றவாளி மெஷின் இல்லை. ஆட்கள்தான். சரியாகச் சொன்னால், ஆட்கள் விடும் மூச்சு.

மீட்டர் சொன்னது

ஸ்பிளிட் ஏசி பற்றி நம் ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று. நன்றாகப் படித்தவர்கள் கூட இப்படித்தான் நினைக்கிறார்கள். சுவரில் போட்ட அந்த மூன்று அங்குல ஓட்டை வழியாகப் போவது இரண்டு செம்புக் குழாய், ஒரு வயர், ஒரு தண்ணீர்க் குழாய். காற்று போக அதில் வழியே இல்லை. உள் பெட்டி அறைக்குள் இருக்கிற காற்றை மேலே இழுத்து, குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் ஓட்டி, அதே காற்றைக் கீழே விடுகிறது. நாள் முழுக்க அதையேதான். ஜன்னல் ஏசியில் வெளிக்காற்றுக்கென்று ஒரு சின்ன லீவராவது இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை என்பது வேறு. பெரிய மால்களில், மருத்துவமனைகளில் இருக்கும் சென்ட்ரல் ஏசியில் வெளிக்காற்றுக்கென்று தனிக் குழாய் வைப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் உட்காரும் நம் சின்ன அலுவலகங்களுக்கு அது கிடையாது.

கணக்கு எளிது. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுகிறார். பதினான்கு பேருக்கு 250 லிட்டர். அறையின் கொள்ளளவு 5,400 கன அடி, அதாவது ஒன்றரை லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முழுக்க அடைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் 1,600 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 1,600 பங்கு, ஏறும். வெளிக்காற்றில் இருப்பதே 420தான்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டரை நடு மேசையில் வைத்துவிட்டு ஒரு புதன்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு 560. பதினொன்றரைக்கு 1,400. சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் வெளியே போக, கதவு திறந்து திறந்து மூட, 1,200க்கு இறங்கியது. மூன்றரைக்கு 2,150. அந்த நேரத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. கீழே இறங்கி டீ குடித்துவிட்டு மேலே வந்து கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு நாற்றம் அடித்தது: மதியச் சாம்பார், பிரிண்டர் சூடு, புது பிளைவுட் பசை, பதினான்கு பேர் உடம்பு எல்லாம் கலந்த ஒரு குளிர்ந்த நாற்றம். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

2,150 என்பது விஷம் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் வரம்பு 5,000. கார்பன் டை ஆக்சைடு இங்கே ஒரு சாட்சி, அவ்வளவுதான். அது ஏறினால் அதோடு சேர்ந்து பசையின் ஆவி, உடம்பின் வாடை, பிரிண்டர் விடுவது எல்லாம் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். 1858இலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் இதைச் சொல்லிவிட்டார். ஆட்கள் இருக்கும் அறைக்கு 1,000 பிபிஎம் என்ற அளவுகோல் அவர் வைத்தது. ஏசியே பிறக்காத காலம் அது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டடங்களை இறுக்கி மூடி, ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று விதியைக் குறைத்தார்கள். அப்புறம்தான் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று அலுவலகம் அலுவலகமாகப் புகார் வந்து, 'நோயுற்ற கட்டடம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1989இல் ஆளுக்குக் குறைந்தது 15 கன அடி என்று மாற்றி எழுதினார்கள். இந்தத் தி.நகர் மாடியில் நடந்தது அதே கதையின் சின்னப் பிரதி, ஒரு சிலிக்கான் டியூப் செலவில்.

ஏசி காற்றைக் காய வைத்துவிடுகிறது, அதனால்தான் தலைவலி என்று பலர் சொல்வார்கள். இங்கே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அது வசதியான அளவு. ஆனால் தாள்களில் தண்ணீர்க் கட்டத்தைப் பார்த்தேன். பல பேர் நாள் முழுக்க அரை லிட்டர் கூடக் குடிக்கவில்லை. குளிரில் தாகம் எடுப்பதில்லை. அதோடு கழிப்பறை ஒரு மாடி கீழே, இன்னொரு அலுவலகத்தோடு பொது. பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். இதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.

ஊதுபத்தி

அந்த இளைஞரின் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே, சுவரைப் பார்த்த மேசை. பிள்ளையார் படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்தி அவர் தோளுக்கு மேலே பிடித்தேன். புகை நேராக எழும்பவே இல்லை. மேலே ஒரு விரல் அளவு போனதும் ஒடிந்து, கீழே சாய்ந்து, சட்டைக் காலருக்கும் முடிக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடத்தில் போய் மோதிக் கலைந்தது. நாள் முழுக்க அவர் பிடரியில் குளிர்காற்று இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. காற்றின் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். உட்கார்ந்து வேலை செய்பவர் மேல் 0.2 மீட்டரைத் தாண்டினாலே சிலுசிலுப்பு தெரியும். அந்த மேசையில் 20.5 டிகிரி. எதிர் மூலையில் 25. அந்த மூலைக்காரர்கள் புழுங்குகிறது என்று ரிமோட்டை 18க்கு இறக்குவார்கள், இவர் கழுத்தில் விழும்.

நெற்றியில் குளிர் நேராக அடித்து வரும் தலைவலி ஒன்று உண்டு. விலகி வந்தால் அரை மணிக்குள் அடங்கிவிடும். இவருடையது அப்படி இல்லை, இரவு வரை நீடித்தது. குளிருக்குப் பயந்து தோளைத் தூக்கி, கழுத்தைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் லெட்ஜர் பார்த்தால் தசை இறுகத்தானே செய்யும். அவரை நிமிரச் சொல்லிப் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கயிறு மாதிரி இருந்தது. இதற்கு மருந்து மேசையை நான்கு அடி தள்ளிப் போடுவது, ஏசியின் இலைத் தகட்டைக் கிடைமட்டமாக நிறுத்தி ஸ்விங்கை அணைப்பது. இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆனது. ஒரு வாரத்தில் அவர் தாளில் தலைவலி என்ற சொல் இல்லை.

ரிமோட் சண்டைக்கும் அன்றே ஒரு முடிவு கட்டினேன். 18 என்று வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. 18ஐ எட்ட முடியாமல் மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவே. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 24 வைத்து, கூரை மின்விசிறியை மெதுவாக ஓட விட்டேன். பொய்க்கூரை போடும்போது விசிறியைக் கழற்றாமல் விட்டது இவர்கள் செய்த ஒரே நல்ல காரியம்.

மாத்திரை டப்பா

அக்காவின் கதைதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி. ஒரு பக்கம் மட்டும் துடிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று இரண்டு. இந்த அலுவலகத்துக்கு வந்த பிறகு தினமும். எல்லோரும் ஏசி என்றார்கள், அவரும் ஏசி என்றே நம்பினார். வெயிலில் 38 டிகிரியில் நடந்து வந்து இந்தக் குளிரில் நுழைந்ததும் ஆரம்பிக்கிறது என்றார். அது பொய்யில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலர் இந்த வெப்ப மாற்றத்தைச் சொல்வார்கள்.

ஆனால் தாளில் மாத்திரைக் கட்டம் வேறு சொன்னது. காஃபீன் கலந்த வலி மாத்திரை, காலையில் ஒன்று, சில நாள் மாலையிலும் ஒன்று. இரண்டு வாரத்தில் போடாத நாள் மூன்றே மூன்று. மேசை இழுப்பறையில் பழைய தகர டப்பா ஒன்று, திறந்தால் உள்ளே பாதி கிழித்த அட்டைகள். "வலி வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுவேன் சார், ஜிஎஸ்டி ஃபைலிங் டைம்ல படுக்க முடியாது இல்ல" என்றார்.

அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: இது என் மெஷின் வேலை இல்லை, இந்தத் தாளை அப்படியே நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டினார். கலப்பு மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமாலைப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேல் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் மிகக் கடுமையாக இருந்ததாம். லீவு போட்டு இருட்டறையில் கிடந்திருக்கிறார். டாக்டர் வேறு மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழையபடி மாதத்துக்கு இரண்டு என்று சொன்னார். இதில் என் பங்கு ஒரு தாள் மட்டும். அதற்கு முன் அவர் வீட்டு ஏசியையே மாற்றிவிடலாமா என்று குடும்பத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம்.

வெளிக்காற்றின் விலை

மிச்சம் ஏழு பேர். செலவு வைப்பதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று செய்தோம். ஒரு வாரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வாசல் கதவையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் பத்து நிமிடம் திறந்து வைப்பது. அந்த ஜன்னலின் சிலிக்கானைப் பிளேடால் கீறித்தான் திறந்தோம். மீட்டர் 2,000லிருந்து 900க்கு இறங்கியது. மூன்று மணித் தலைவலி பெரும்பாலும் காணோம். ஆனால் ஹாரன் சத்தம், தூசி, "யார் திறக்கிறது" என்ற சண்டை. இதை வழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம் என்றார் உரிமையாளர். நான் வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பதை வெளியே தள்ளினால் அந்த இடத்துக்குக் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வருவது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து, அங்கே கழிப்பறை, கீழே ஜெனரேட்டர். அதற்குப் பதில் உள்ளே தள்ளும் ஃபேன். பின்பக்கச் சுவரில் வேப்பமரத்தைப் பார்த்து ஆறு அங்குல ஓட்டை, அதில் குழாய், குழாய்க்குள் ஃபேன், முன்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர், ஓர் அடைப்புத் தகடு. பின்னால் டீக்கடை அடுப்பு இருந்திருந்தால் இந்த யோசனையையே விட்டிருப்பேன். உள்ளே காற்று விழும் இடம் ஏசி காற்றை இழுக்கும் மேல் வாய்க்குப் பக்கத்தில், சூடான காற்று நேராக யார் தலையிலும் விழாதபடி. அந்த 15 கன அடிக் கணக்கு பிறகு மாறிவிட்டது; அலுவலகங்களுக்கு இப்போது பின்பற்றும் கணக்கு நிமிடத்துக்கு ஆளுக்கு 5 கன அடி, அதோடு தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.06 கன அடி. இந்த அறைக்கு நிமிடத்துக்கு 106 கன அடி. நான் வைத்தது சுமார் 150.

இதற்கு விலை உண்டு. சென்னையின் மே மாதக் காற்று சூடு மட்டுமில்லை, பிழிந்தால் தண்ணீர் சொட்டும். 35 டிகிரியில் ஈரத்தோடு வரும் அந்த 150 கன அடியை 24க்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு டன் ஏசி வேலை செய்ய வேண்டும். அதில் பத்தில் ஏழு பங்கு ஈரத்தை எடுக்கவே போகிறது. கையில் இருந்தது நான்கு டன். ஃபேன் மாட்டிய பிறகு உச்சி வெயிலில் அறை 25, 26இல்தான் நின்றது. கரண்ட் பில்லைக் காட்டி உரிமையாளர் முணுமுணுத்தார். முணுமுணுக்க அவருக்கு உரிமை உண்டு.

அவருக்காகவே ஒரு விளையாட்டு செய்தேன். ஃபேன் சத்தம் கேட்டாலே ஆட்கள் 'சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இரண்டு நாள் ஃபேனை ஓடவிட்டு அடைப்புத் தகட்டை மூடி வைத்தேன். சத்தம் அதே சத்தம், காற்று இல்லை. இரண்டாம் நாள் மூன்றரைக்கு மீட்டர் 2,000ஐத் தொட்டது. ஏழு பேரில் ஐந்து பேர் தாளில் தலைவலி எழுதியிருந்தார்கள். திறந்ததும் மறுநாள் ஒருவர். ஏழு பேரையும் நான்கு நாளையும் வைத்து மருத்துவ இதழில் எழுத முடியாது. உரிமையாளரின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது. மே கடைசியில் மாலை மீட்டர் 1,100ஐ ஒட்டி நின்றது, நான் பில் கொடுத்துவிட்டு வந்தேன்.

போகி

பிப்ரவரி கடைசியில் அதே எண்ணிலிருந்து போன்.

"சார், மறுபடியும் தலைவலி ஆரம்பிச்சிடுச்சு. மதியம் ஆனா எல்லாரும் தூங்கி வழியிறாங்க. கேஸ் தீர்ந்துபோச்சோன்னு பாக்கறோம்."

ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது, சத்தம் கேட்கிறது என்றார். வெளியே ஓட்டை எப்படி இருக்கிறது என்றேன். பார்க்கச் சொல்லி ஆபீஸ் பையனை அனுப்பினார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் காத்திருந்தேன். பையன் திரும்பி வந்து அவரிடம் சொல்வது எனக்கே கேட்டது.

"சார், போகி அன்னிக்குப் புகை வருதுன்னு நீங்கதான பேக்கிங் டேப் ஒட்டச் சொன்னீங்க. அது இன்னும் அப்படியே இருக்கு."